காட்டாத சிவப்பு அட்டை

மே 4, ஞாயிறு

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். இடது கண் இருந்த இடத்தில் இப்போது ஒரு கத்தரிக்காய் இருக்கிறது. எழுதாதே, பேசாமல் படு என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் நடுவராக விசில் ஊதின கால்பந்து ஆட்டத்தை அன்றைக்கே எழுதி வைப்பது என் பதினேழு வருடப் பழக்கம். ஒரு குத்துக்காக அதை விடுவதாக இல்லை.

சிலுவைத்துறை மாதா கோயில் திருவிழாக் கோப்பை, கால் இறுதி. சிலுவைத்துறையும் வேம்படித்துறையும். இந்த இரண்டு ஊர்க்காரர்களும் கடலில் வலை உரசினாலே வெட்டிக்கொள்வார்கள். இவர்களுக்குப் பந்து வேறு. ஊத வேண்டிய நடுவர் காய்ச்சல் என்று வரவில்லை. நான் சிலுவைத்துறையில் பெண் எடுத்தவன், எனக்கு இந்த ஆட்டம் சரிப்படாது என்று கமிட்டித் தலைவர் தொம்மையிடம் சொன்னேன். "நீரு சொந்த அப்பனுக்கே சிவப்பு அட்டை காட்டுற ஆளு, சும்மா வாரும்வே" என்றார். இப்படிச் சொன்னால் எந்த நடுவர்தான் மறுப்பார்? போனேன்.

எண்பதாவது நிமிடம் வரை பரவாயில்லை. இரண்டு மூக்கு, ஒரு பல், நான்கு மஞ்சள் அட்டை. அப்போது வேம்படிப் பையன் அடித்த பந்து கோலியைத் தாண்டிக் காலி கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சிலுவைத்துறை ஸ்டாப்பர், பின்வரிசையில் தடுத்தாடுகிறவன், பாய்ந்து இரண்டு கையாலும் தட்டிவிட்டான். கோலுக்குள் போகிற பந்தைக் கையால் தடுத்தால் பெனால்டி, தடுத்தவனுக்குச் சிவப்பு அட்டை. இதில் யோசிக்க ஒன்றும் கிடையாது. விசிலை ஊதினேன், பெனால்டிப் புள்ளியைக் காட்டினேன், சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனேன். கை பைக்குள் போனது. அட்டை வெளியே வரவில்லை.

நடுவர் பயிற்சியில் முதல் பாடம் இது. கூட்டம் சூழ்ந்தால் பின்னால் நகர். கையை உயர்த்தாதே. முகத்தைப் பார்க்காதே, சட்டை நம்பரைப் பார். கோபத்தில் முகம் மாறிப்போகும், நம்பர் மாறாது. நான் பாடத்தின்படி பின்னால் நகர்ந்தேன். முன்னால் ஏழெட்டுப் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அடி பின்னாலிருந்து, இடது பக்கமாக வந்தது. முஷ்டியா முழங்கையா தெரியவில்லை. கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வெடி. கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தார்கள். பூட்ஸ் ஆணி தோலுக்குள் இறங்குவதை எண்ணிக்கொண்டு கிடந்தேன், மூன்றுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. எவனோ விசில் பிடித்த கையின்மேல் ஏறி நின்றான்.

அந்தப் பக்கக் கோட்டில் கொடி பிடித்த துணை நடுவர் பெனிட்டாதான் கூட்டத்தைப் பிளந்து வந்து என் காலரைப் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கக் கோட்டில் இருந்த இன்னொரு துணை நடுவர் சுடலைமுத்து கொடிக்கம்பைச் சுழற்றிப் பார்த்தான். அதைப் பிடுங்கி அவன் விரலையே உடைத்தார்கள். மூன்று பேரும் கோயிலுக்குள் ஓடி, பாதிரியார் உடுப்பு மாட்டுகிற அறையில் கதவைப் பூட்டிக்கொண்டோம். போலீஸ் வருகிறவரை கதவில் கல் விழுந்துகொண்டே இருந்தது.

யார் அடித்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூட்டத்தில் யாரென்று தெரியவில்லை.

மே 5, திங்கள்

திருநெல்வேலிக்குக் கண் டாக்டரிடம் போனோம். கண்ணைச் சுற்றிய எலும்பில் விரிசல். அது சேர்ந்துவிடும். உள்ளே விழித்திரை கிழிந்திருக்கிறது. அது தானாகச் சேராது, ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை. டாக்டர் சின்னப் பையன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

என் மனைவி புளோரா வழியெல்லாம் அழுதாள். நான் அவளைச் சிரிக்கவைக்க என் பழைய காயங்களை வரிசையாகச் சொன்னேன். ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு பந்து மூக்குத்தண்டை உடைத்தது. உப்பளத் தொழிலாளர் போட்டியில் ஒரு அறை, இடது காது சவ்வு போனது. ஒரு கிழவர் குடைக் கம்பியால் தொடையில் குத்தினார், அவர் பேரனுக்கு ஆஃப்சைடு கொடுத்ததற்காக. என் மோட்டார் சைக்கிளைக் கிணற்றில் போட்டது தனிக்கதை. பந்து தெரியாமல் அடிக்கும், ஆள் தெரிந்துதான் அடிப்பான். இரண்டுக்கும் நடுவில் நிற்பவன்தான் நடுவர் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஆட்ட அறிக்கையை வலது கையாலேயே எழுதிவிட்டேன், வீங்கின கைதான். "கூட்டத்தில் அடையாளம் தெரியாத நபர் தாக்கினார்."

மே 6, செவ்வாய்

ரெக்சன் மீன் கொண்டுவந்தான். ஊளி மீன், ஒரு கை நீளம். ரெக்சன் புளோராவின் தம்பி. எங்கள் கல்யாணத்தன்று ஒன்பது வயது, மோதிரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன். இப்போது இருபத்து நான்கு. சிலுவைத்துறை அணியின் ஸ்டாப்பர், நாலாம் நம்பர் சட்டை. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். ஜூன் மாதம் உத்தரவு வரும் என்று என் மாமியார் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் நன்னடத்தை விசாரிப்பார்கள்.

வாசலிலேயே நின்று மீனைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தான். புளோராதான் உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். வலிக்குதா அத்தான் என்றான். இல்லை என்றேன். அவன் வலது கையில் விரல்முட்டி எல்லாம் வீங்கியிருந்தது. வலை இழுத்தால் அப்படித்தான் வீங்கும்.

மிச்சப் பத்து நிமிட ஆட்டத்தை இன்று வேறு நடுவரை வைத்து நடத்தியிருக்கிறார்கள். பெனால்டியை வேம்படிக்காரன் வானத்துக்கு அடித்துவிட்டான். சிலுவைத்துறை அரை இறுதிக்குப் போய்விட்டது. ஸ்டாப்பரும் ஆடினான். காட்டாத அட்டை அட்டையே இல்லை, அதுதான் விதி. அறிக்கையில் எழுதியிருந்தால் விசாரணை, தடை, எல்லாம் உண்டு. எழுதவில்லை, மறந்துபோயிற்று. தலையில் அடிபட்டவனுக்கு மறதி வராதா?

மே 7, புதன்

கண் மருந்து நான்கு வேளை. சட்டையில் ரத்தக் கறை போகவில்லை. மீன் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

மே 9, வெள்ளி

தொம்மையும் கமிட்டியில் இரண்டு பேரும் ஆப்பிள், சாத்துக்குடியோடு வந்தார்கள். சிலுவைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாக் காலத்தில் ஒருவன் மேல் ரத்தம் வரும்படி கைவைத்தால், அடித்தவனின் குடும்பமே ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் முட்டுப்போட்டு ஊர்முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வருடம் அந்த வீட்டார் தேர்வடம் தொட முடியாது. ஆள் தெரியாவிட்டால் யாரும் முட்டுப்போட வேண்டாம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும். ஆளு தெரியலைன்னா ஊருக்கும் நல்லது, உமக்கும் நல்லது" என்றார் தொம்மை. யோசிக்க ஒன்றுமில்லை, எழுதியதுதான் என்றேன். மூன்று பேர் முகத்திலும் ஒரே சமயத்தில் வெளிச்சம் வந்தது. புளோரா காப்பித் தம்ளர்களை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆப்பிளைத் தெரு நாய்க்கு எறிந்தேன், அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மே 11, ஞாயிறு

பெனிட்டா வந்தாள். எனக்கு இவளை அவ்வளவாகப் பிடிக்காது. எனக்கு எட்டு வயது இளையவள்; நான் இரண்டு தடவை தோற்ற மாநில நடுவர் தேர்வில் முதல் தடவையே தேறியவள். ஆட்டம் முடிந்ததும் என் தவறுகளை என்னிடமே பட்டியல் போடுவாள். பட்டியல் எப்போதும் சரியாக இருக்கும், அதுதான் எரிச்சல். ஆனால் அன்று காலரைப் பிடித்து இழுத்தவள் அவள்தான். அவள் இல்லாவிட்டால் புளோரா இன்று கறுப்புச் சேலையில் இருப்பாள்.

இறுதி ஆட்டம் எனக்கு என்று முடிவாகியிருந்தது. இப்போது அவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வாழ்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் கேட்கவேண்டியதை நேராகக் கேட்டாள்.

"நான் அந்தப் பக்கம் நின்னேன் சார், கூட்டம் மறைச்சிட்டு. பார்த்திருந்தா நானே எழுதியிருப்பேன். பதினேழு வருசத்துல உங்களுக்கு ஒரு நம்பர் தப்பினதா நான் கேள்விப்பட்டதே இல்ல. நாலாம் நம்பர்தானே?"

தெரியவில்லை என்றேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பெனிட்டா கொஞ்ச நேரம் என் நல்ல கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனாள். புளோராவைப் பார்த்து, சாரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். புளோரா எந்த ஊர்க்காரி என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வதற்கு.

மே 13, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். பத்து நாள் குப்புறத்தான் கிடக்க வேண்டும். நிமிர்ந்தால் வாயு இடம் மாறி எல்லாம் வீண். சாப்பாடும் குனிந்தே.

மே 15, வியாழன்

(நான் சொல்லப் புளோரா எழுதுகிறாள்.) குப்புறக் கிடந்து பார்த்தால் உலகத்தில் பாதம் மட்டும்தான் இருக்கிறது. யார் வந்தாலும் கால் வைத்துத்தான் அடையாளம். தொம்மைக்குப் பித்தவெடிப்பு. மாமியாருக்கு மெட்டி சின்னதாகி விரல் பிதுங்குகிறது. சிலுவைத்துறை அரை இறுதியில் ஜெயித்துவிட்டதாம். சரி.

மே 18, ஞாயிறு

இதை நானே எழுதுகிறேன். குப்புறப் படுத்துக்கொண்டு தரையில் நோட்டை வைத்து எழுதுவதால் கையெழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறது.

புளோரா பூசைக்குப் போயிருந்தாள். ரெக்சன் வந்தான். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து எனக்கு மருந்து போட்டுவிட்டான். மெதுவாகத்தான் போட்டான், பிள்ளைக்குப் போடுகிற மாதிரி. போன வாரம் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் வண்டி டிரைவரை அடித்துத் தாடையைப் பெயர்த்திருக்கிறான். டிரைவர் இவன் அம்மாவை ஏதோ சொன்னானாம். வாலிபம், ரத்தம் சூடாகத்தான் இருக்கும். வேலைக்குப் போனால் அடங்கிவிடுவான். இதையே நான் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன்.

மருந்து மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு, "அத்தான், அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

ஃபேனைக் கூட்டி வை என்றேன்.

எழுந்துபோய்க் கூட்டி வைத்தான். திரும்ப வந்து உட்கார்ந்தான். மறுபடியும் அத்தான் என்றான். இறுதி ஆட்டத்தில் முன்னால் ரொம்ப ஏறிப்போகாதே, உன் இடத்தில் நில் என்றேன். சரி என்றான். மொசைக் தரையில் இரண்டு சொட்டு விழுந்தது. ஃபேன் ஓடியும் அவனுக்கு வேர்த்திருந்தது.

அவன் போன பிறகு எனக்கு மூச்சு விடுவது லேசாக இருந்தது. அதற்காக என்மேல் எனக்கே அருவருப்பாகவும் இருந்தது.

மே 22, வியாழன்

நிமிரலாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் பையன் இடது கண்முன்னால் விரல் காட்டி எத்தனை என்றான். விரலைக் காணோம். கையை ஆட்டினான், நிழல் ஆடியது. இவ்வளவுதான் இனி என்றான். கிரேன் போயிற்று. ஸ்டோரில் உட்காரவைப்பார்களாம், போல்ட்டு நட்டு எண்ணிக் கொடுக்கலாம். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கப்பலுக்குள் பெட்டி இறக்கியவன் நான். வீட்டுக்கு வந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன், தம்ளருக்கு வெளியே ஊற்றினேன். மூன்று தடவை. நான்காவது தடவை தம்ளரைச் சுவரில் எறிந்தேன். அதுகூடக் குறிதவறி ஜன்னலில் பட்டது.

சாயங்காலம் பெனிட்டா போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான். உங்களை அடித்தவன் இறுதி ஆட்டத்தில் ஆடுகிறானா, அதை மட்டும் சொல்லுங்கள், பெயர் வேண்டாம், ஆடுகிறான் என்றால் போலீஸ் இல்லாமல் நான் மைதானத்தில் இறங்கமாட்டேன் என்றாள். தெரியாது என்றேன். வைத்துவிட்டாள்.

மே 24, சனி

சலூனுக்குப் போய் முடி வெட்டினேன். கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். நாளைக்குச் சிலுவைத்துறை போகிறோம். புளோரா வேண்டாம் என்றாள். எனக்குப் போகத்தான் வேண்டும். நான் அங்கே இருந்தால் அவன் அடங்கி ஆடுவான்.

மே 26, திங்கள்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

விழாப் பந்தலில் முன்வரிசை, நானும் புளோராவும். அப்பால் தொம்மை. எதிர் அணி புன்னைத்துறை. மைதானத்தைச் சுற்றி மூங்கிலில் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஐயாயிரம் பேர் இருக்கும். போலீஸ் என்று பார்த்தால் இரண்டு ஹோம்கார்டு, அவர்களும் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நின்றார்கள்.

பெனிட்டா நன்றாக ஊதினாள். என்னைவிட நன்றாக. இருபதாவது நிமிடத்தில் ரெக்சன் முழங்கையை வீசி புன்னைத்துறைப் பையன் வாயை உடைத்தான். பையன் பல்லைத் துப்பி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். மஞ்சள் அட்டை. ரெக்சன் பந்தலைப் பார்த்தான். நான் கையை அமர்த்திக் காட்டினேன். தலையை ஆட்டினான். அடங்கிவிட்டான் என்று புளோராவிடம் சொன்னேன்.

இடைவேளைக்குப் பிறகு புன்னைத்துறை ஒரு கோல் போட்டது. அப்புறம் அது கால்பந்தாக இல்லை. கடலோரப் பக்கம் ஒருவன் வயிற்றில் முட்டு வாங்கி வாந்தி எடுத்தான். ஒரு கோலிக்குப் புருவம் பிளந்தது. எழுபதாவது நிமிடத்தில் ஏற்கனவே கீழே விழுந்துகிடந்த புன்னைத்துறை ஃபார்வர்டின் கணுக்காலுக்கு மேலே ரெக்சன் இரண்டு காலாலும் குதித்தான். எலும்பு முறிந்த சத்தம் பந்தலுக்குக் கேட்டது. காய்ந்த மட்டையை மிதித்த மாதிரி. பையன் அலறவே இல்லை, மண்ணைக் கைநிறைய அள்ளி அள்ளித் தன் முகத்தில் போட்டுக்கொண்டான்.

பெனிட்டா ஓடிவந்து, நின்று, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சிவப்பு அட்டையை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். சிலுவைத்துறைக்காரர்கள் அவளைச் சூழ்ந்தார்கள். அவள் பாடத்தின்படி பின்னால் நகர்ந்தாள். கை கீழே, கண் நம்பர்களில்.

ரெக்சன் அந்தக் கூட்டத்தில் இல்லை. வெளியே போகிறவன் மாதிரி நடந்தான். தண்ணீர் பாட்டில் இருக்கும் இடம் வரை போனான், குனியவில்லை, அரைவட்டமாகத் திரும்பினான். அவள் முதுகுப் பக்கம் வந்தான், இடது புறமாக.

நான் எழுந்து ரெக்சன் என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பேண்டு வாத்தியம் அடித்துக்கொண்டிருந்தது.

பிடரியில் குத்தினான். அவள் கையை ஊன்றக்கூட இல்லை, முகம் குப்புற விழுந்தாள். விழுந்தவளின் தலையில் பூட்ஸ் காலால் உதைத்தான். கோல்கிக் அடிக்கிற மாதிரி, ஓர் அடி பின்னால் போய் எடுத்து உதைத்தான். மறுபடியும் உதைத்தான். நான் ஓடினேன். கண் ஆபரேஷன் ஆனவன் ஓடக் கூடாது, இடது பக்கம் இருந்த கயிறு தெரியவில்லை, தடுக்கி விழுந்தேன். எழுந்து ஓடினேன். புன்னைத்துறைக்காரர்கள் நாற்காலிகளோடு உள்ளே இறங்கிவிட்டார்கள். ஒரு நாற்காலி என் தோளில் உடைந்தது. யாரோ யாரையோ மூங்கிலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காதைப் பிடித்துக்கொண்டு போனான், விரலிடுக்கில் ரத்தம். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மேல் மூன்று பேர் தடுக்கி விழுந்து எழுந்து போயிருந்தார்கள். ரெக்சனைக் காணோம். நான் அவள்மேல் குனிந்து முதுகைக் கொடுத்துக்கொண்டேன். விழுந்ததெல்லாம் என் முதுகில் விழட்டும் என்று இருந்தேன். அவள் காதிலிருந்து ரத்தம் கசிந்து மணலுக்குள் போனது. அட்டை அவள் கையில் இருந்தது, விரலைப் பிரிக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. மீன் வண்டியில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தோம். வண்டியில் புளோரா அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். சேலையெல்லாம் ரத்தம். பாதி வழியில் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அவன் கைய ஓங்குறதுக்கு முன்னாடியே நீங்க பேரச் சொல்லிக் கத்துனீங்க."



மே 27, செவ்வாய்

மூளையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை.

மே 28, புதன்

தொம்மையும் மாமியாரும் வந்தார்கள். ரெக்சன் எங்கே இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மாமியார் என் காலைப் பிடித்தாள். அந்தப் பெண் பின்னால் நகரும்போது தடுக்கி விழுந்து கோல்கம்பத்தில் மோதிக்கொண்டாள் என்று நான் சொல்ல வேண்டுமாம். நடுவர் சொன்னால் போலீஸ் நம்பும். கோல்கம்பம் முப்பது அடிக்கு அப்பால் இருந்தது என்றேன்.

தொம்மை அதற்கும் தயாராக வந்திருந்தார். ஐயாயிரம் பேரில் ஒருவரும் பார்க்கவில்லை, ஊரில் எல்லோரையும் கேட்டாயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க புதுசா ஒண்ணும் சொல்லலவே. போன தடவ நீரு எழுதிக் குடுத்ததத்தான் நாங்களும் சொல்லுதோம். கூட்டத்துல அடையாளம் தெரியாத நபர்."

புளோரா அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கி, வாசல்வரை கொண்டுபோய்விட்டு, கதவைச் சாத்தினாள். அன்று முழுக்க அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மே 30, வெள்ளி

பெனிட்டாவின் புருஷன் பிரபாகர் வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். கல்யாண வீட்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், சத்தமாகச் சிரிக்கிற ஆள். இன்றைக்கு வாசலில் நின்றவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

மூளை வேலை செய்யவில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். நாளைக்கு மெஷினை நிறுத்தக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பெரியவள் நான்காம் வகுப்பு, சின்னது இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. இதையெல்லாம் வேறு யார் வீட்டுக் கதையோ மாதிரிச் சொன்னான். போலீஸில் சாட்சி ஒன்றும் இல்லை என்கிறார்கள், ஹோம்கார்டும் பார்க்கவில்லையாம். நேற்றுத்தான் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், நாலாம் நம்பர் என் மைத்துனன் என்று.

"நான் சண்டை போட வரல சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அன்னைக்கு அவ உங்களுக்கு போன் பண்ணும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. நீங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அது மனசறிஞ்சு சொன்னதா, இல்ல சும்மா வாய்க்கு வந்ததா?"

புளோரா அடுக்களை வாசலில் நின்றாள்.

"என்ன சொன்னாவ?" என்று அவனைத்தான் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான்.

இருபத்திரண்டாம் தேதி இந்த நோட்டில் 'தெரியாது என்றேன், வைத்துவிட்டாள்' என்று எழுதியிருக்கிறேன். இங்கே எழுதக்கூட என் கை கூசியிருக்கிறது. நான் சொன்னதை இப்போது எழுதுகிறேன். "அடிச்சவன் அந்த டீம்லயே இல்லம்மா, வெளியூர் ஆளு. நீ பயப்படாமப் போ." அவள் சிரித்தாள். நன்றி சார், இப்போதுதான் தூக்கம் வரும் என்றாள். அதற்குப் பிறகுதான் வைத்தாள்.

பிரபாகர் முன்னால் புளோராவிடம் இதை அப்படியே சொன்னேன். அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும். வலது பக்கம் அடித்தாலும் சரி, இடது பக்கம் அடித்தாலும் சரி, அசையாமல் நின்றிருப்பேன். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. அப்போ மனசறிஞ்சுதான் என்றான், தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினான்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றேன். ஏறுங்கள் என்றான். நான் ஏறி உட்கார்ந்த பிறகு புளோரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்புப் போடவில்லை. அவன் ஒவ்வொரு வேகத்தடையிலும் மெதுவாக்கி ஏற்றி இறக்கினான், நாங்கள் ஏதோ நோயாளிகள் மாதிரி.

ஸ்டேஷனில் ஏட்டு பேனாவை எடுத்தார். நான்காம் தேதி நடந்ததையும் இருபத்தைந்தாம் தேதி நடந்ததையும் வரிசையாகச் சொன்னேன். கையால் பந்தைத் தடுத்தவன், என்னைப் பின்னாலிருந்து அடித்தவன், விழும்போது நான் திரும்பிப் பார்த்த சட்டையின் நம்பர், பெயர், தகப்பன் பெயர். எல்லாம் ஞாபகம் இருந்தது, ஒன்றுகூட மறக்கவில்லை. ஏட்டு எழுதிக்கொண்டே வந்தவர், குற்றவாளி உங்களுக்கு உறவா என்று கேட்டார். என் மனைவியின் தம்பி என்றேன்.

அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற புளோராவை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதுங்க" என்றாள் புளோரா.